கூண்டுக்குள் மேரியின் கை

புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் கொசு வளர்ப்பது என் வேலை. முட்டையிட பெண் கொசுக்களுக்கு ரத்தம் வேண்டும். ஒருநாள் ரத்தம் ஊட்டும் கருவி பழுதாகிவிட்டது. என் கையைக் கொடுக்க மனமில்லை. பெருக்க வந்த குருசுக்குப்பம் மேரியைக் கூப்பிட்டு, கூண்டுக்குள் கையை விடச் சொன்னேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கையை உள்ளே விட்டாள். பத்து நிமிடத்தில் முழங்கை வரை தடித்துவிட்டது.

"இதுனால நோவு எதுனா வருமா மேடம்?"

அவை நோயில்லாத கொசுக்கள் என்று எனக்குத் தெரியும். "வந்தா தெரிஞ்சிடும்" என்று சிரித்தேன்.

நான்காம் நாள் காய்ச்சலோடு வந்தாள். ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

"புள்ளைக்குப் பால் குடுக்கலியா மேரி?"

"நிறுத்திட்டேன் மேடம். கொசு கடிச்ச ஒடம்பு, அதுக்கு எதுனா ஆயிடும்ல. ராவெல்லாம் அழுவுது. மார்ல பால் கட்டிக்கினு எனக்கு ஜுரம்."

உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றாள். துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

நானும் இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள்தான். 'வராது' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் பயந்ததைப் பார்க்க அன்று எனக்குப் பிடித்திருந்தது. அதைத்தான் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை.