மூன்றாவதாக மேடையேற வேண்டிய குழு

நான் கல்லூரியை முடித்த வருடத்தோடு ராக் இசையும் முடிந்துவிட்டது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். விடுதி அறையில் கேசட்டில் கேட்டதுதான் ராக். பிறகு வந்ததெல்லாம் சத்தம். எந்தக் குழு எந்த வருடம் சேர்ந்தது, எந்த வருடம் பிரிந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். படித்து வைத்திருந்தேன். ஆனால் புதிதாக ஒரு குழுவைக் கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன.

போன வருடம் மார்ச்சில், ஒரு திங்கட்கிழமை காலை, புதுச்சேரி எல்லையிலுள்ள கோரிமேடு வழியாகப் போகும் பேருந்தில் அது மாறியது. அங்குள்ள மருத்துவமனையில் நான் பழைய கேஸ் ஷீட்டுகளைப் பராமரிக்கும் பிரிவில் இருக்கிறேன். என் பக்கத்தில் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். அவளும் என்னைப்போல முதலியார்பேட்டையில் ஏறுபவள். எப்போதும் காதில் எதையாவது மாட்டியிருப்பாள். என்ன கேட்கிறாய் என்றேன். ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றிக் கொடுத்தாள்.

முதலில் பேஸ் கிட்டார் மட்டும், தரையடியில் யாரோ நடப்பதுபோல. பிறகு டிரம்ஸ் விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதன்மேல் ஒரு ஆண் குரல், தமிழில், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து பேருந்துக்கு நிற்பதைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தது. அழகாகக் கத்தியது. என் கை முன்சீட்டுக் கம்பியில் தாளம் போடுவதை நான் கவனிக்கவே இல்லை. பாட்டு முடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே இருந்த கடைகள் எதுவும் பழக்கமானவையாக இல்லை.

"அக்கா, ஒரு பாட்டுக்கு ஸ்டேட்டயே தாண்டிட்டோம்!" என்று சிரித்தாள். இறங்கி, எல்லையைக் கடந்து திரும்பவும் புதுச்சேரிக்குள் நடந்து வந்தோம். பாதி வழியில்தான் சொன்னாள்.

"அதுல பேஸ் வாசிக்கிறது நான்தான்கா."

"நீயா? வீட்ல தெரியுமா?"

"அத்தாவுக்குத் தெரியும். ஆபீஸுக்குத்தான் தெரியாது. நீங்களும் வாயத் தொறக்காதீங்க."

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரைக் கேட்பதானாலும் முதல் பதிவிலிருந்து வருட வரிசையில்தான் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பதிவு. இவர்கள் இணையத்தில் ஏற்றியிருந்த இருபதுக்கும் மேற்பட்ட பதிவுகளையும் அப்படியே தொடங்கினேன். ஒவ்வொரு வாரமும் அவர்கள் வளர்வது கேட்டது. ஐம்பத்தொரு வயதில் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

மே மாதக் கடைசியில் அவள் பேருந்தில் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் டிரம்மருக்கு பிரான்சில் வேலை கிடைத்துவிட்டதாம். சொல்தா குடும்பம், தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்ததால் இவனுக்கும் அந்நாட்டுக் குடியுரிமை. ஜூன் மாதக் கடைசியில் கிளம்புகிறான். அவனில்லாமல் குழு இல்லை.

"இசை நாள்ல வாசிக்கிறோம்கா. அதோட சரி. வந்துடுங்க."

வருடத்தின் மிக நீண்ட பகலன்று எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு வாசிப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வழக்கங்களில் ஒன்று. எனக்கு உடனே தோன்றியது வேறு: "அதுக்குள்ள நான் கடைசிப் பதிவு வரைக்கும் வரமாட்டேனே."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "கல்யாணப் பந்தியில பாயசத்த முதல்ல வச்சா எழுந்து போயிடுவியா? போய் கேளும்மா."

போனோம். அறிவிப்புப் பலகையில் அவர்கள் குழு மூன்றாவதாக இருந்தது. முதல் இரண்டு குழுக்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, பீச் ரோட்டில் மதில்மேல் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். வரிசை என்று எழுதியிருந்தால் அது வரிசைதான் என்று நம்புகிறவள் நான். திடீரென்று, மற்ற தெருக்களின் இரைச்சல் சற்று அடங்கியபோது, இரண்டு தெரு தள்ளி, தரையடியில் யாரோ நடப்பது கேட்டது.

"ஐயோ, அது அவங்க!"

"மூணாவதுன்னு சொன்னியே?" என்றார் அவர்.

பஜ்ஜிப் பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். "ஏம்மா, மெதுவா! முட்டி!" என்று பின்னாலிருந்து கத்தினார். ஒரு செருப்பு கழன்றது; கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். முதல் குழுவின் பாடகர் சென்னையிலிருந்து வரும் வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டதால், தயாராக இருந்த இவர்களை முதலில் ஏற்றிவிட்டார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். இது கடைசிப் பாட்டு என்றும் சொன்னார்.

அந்தப் பாட்டு எனக்குத் தெரியாதது. பாதியில் நுழைந்திருந்தேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். டிரம்மர் கண்ணை மூடியிருந்தான்; ஒவ்வொரு அடியும் என் விலாவுக்குள் இறங்கியது. மேடையில் அவள், ஆய்வுக்கூடத்தில் ஊசியை அவ்வளவு மெதுவாகக் குத்தி ரத்தம் எடுக்கிறவள், தலையை ஆட்டிக்கொண்டு தெருவையே அதிர வைத்தாள். நான் கையிலிருந்த செருப்பை ஆட்டிக் கத்தினேன். அப்படிக் கத்தியது கல்லூரியில்கூட இல்லை. பாட்டு நின்றது. அவ்வளவுதான்.

இறங்கி வந்தவளைக் கட்டிப்பிடித்து, "அது எந்தப் பதிவுல இருக்கு?" என்றேன்.

"எதுலயும் இல்லக்கா. போன வாரம்தான் போட்டோம். நாளைக்கு மத்தியானம் பதியறோம், அவன் கெளம்பறதுக்குள்ள. ஷெட்டுக்கு வர்றீங்களா?"

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டேன். எங்கள் பகுதியில் ஒரு மரக்கடைக்குப் பின்னால் இருந்தது அந்த ஷெட். தகரக் கூரை, ஜன்னலில் பழைய மெத்தை, வேகாத வெயில். என்னை ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார வைத்தார்கள்.

டிரம்மர் என்னைப் பார்த்து, "அக்கா, நேத்து செருப்பு காட்டினது நீங்கதான? புடிக்கலன்னு நெனச்சேன்," என்றான்.

"புடிச்சிதுப்பா. ரொம்பப் புடிச்சிது."

"அப்ப இப்ப சத்தம் போடக் கூடாது. பதிவாயிடும்."

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அவன் குச்சிகளைத் தட்டி எண்ணினான். மேலே தகரம் கிடுகிடுத்தது.