வேப்பிலை கசந்தால் போதுமா?

பாம்புக்கடிக்காரரை ஏற்றி ஓடுகிற சாரதிக்குப் பாம்பைவிட வேப்பமரத்தில்தான் பயம் அதிகம்.

இது விளங்கவில்லை என்றால் நீங்கள் எங்கள் தீவுப்பக்கத்து ஆள் இல்லை. இங்கே பாம்பு கடித்தால் முதலில் ஓடுவது ஆஸ்பத்திரிக்கு அல்ல, வேப்பமரத்தடிக்கு. நாலு இலையை உருவிக் கடிபட்டவரின் வாயில் போட்டுவிட்டு, வீடு முழுக்க அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். கசக்கிறது என்றால் விஷம் ஏறவில்லை, தேத்தண்ணி ஊற்றலாம். கசக்கவில்லை என்றால்தான் எங்களுக்குப் போன் வரும். நாக்குக்கு ருசி தெரிவதற்கும் இரத்தத்தில் விஷம் ஓடுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எங்கள் டொக்டர் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனார். நானும் போகிற வழியெல்லாம் சொன்னேன்.

இருபது வருடமாகத் தீவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் அம்புலன்ஸ் ஓட்டுகிறேன். எங்களிடம் முதலுதவி உண்டு. விஷமுறிவு ஊசி போட்டுப் பக்கத்திலிருந்து பார்க்க, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போகவேண்டும். எங்கள் தொழிலில் கைமுதல் நேரம் ஒன்றுதான். அதை மற்றவர்கள் எப்படியெல்லாம் தொலைத்தார்கள் என்று இந்த இருபது வருடமும் எரிச்சல்பட்டுக்கொண்டு திரிந்தேன். கடைசியில் இருப்பது என் வீட்டுக் கதை. அதைச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். ஆனால் நேரே அதற்குப் போக மனம் வரவில்லை. மற்றதுகளையும் கேளுங்கள்.

சாக்கில் வந்த சாட்சி

நாரந்தனையில் ஒரு தோட்டக்காரருக்கு வெங்காயப் பாத்தியில் கடி. போய்ச் சேர்ந்தால் கடிபட்டவர் மட்டும் கதிரையில் தனியே இருக்கிறார், வீட்டில் ஒரு ஆம்பிளையையும் காணவில்லை. எங்கே என்று கேட்டால், தோட்டத்தில் பாம்பு தேடுகிறார்களாம். என்ன பாம்பு என்று தெரிந்தால் டொக்டருக்கு உதவி என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் ஹோர்ன் அடித்து அடித்துக் கை நொந்த பிறகு தமையன்காரர் ஒரு உரச்சாக்கோடு ஓடிவந்து தம்பிக்குப் பக்கத்தில் ஏறினார்.

பாலத்தில் பாதி வழி வந்திருப்போம். பின்னால் இருந்த தாதி என்னுடைய பெயரைச் சொல்லிக் கத்தினா. திரும்பிப் பார்த்தால் சாக்கு தானாக அசைகிறது. அடித்ததென்று நினைத்த பாம்பு சாகவில்லை. வண்டியை ஓரங்கட்டி, சாக்கின் வாயை இறுக்கிக் கட்டி, கடலோரக் கல்லில் வைத்துவிட்டு வாருங்கள் என்று நான் நின்று சண்டை பிடிக்க, அவர் விடமாட்டேன் என்று சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, அதிலும் ஐந்து நிமிடம் போனது. கடிபட்டவர் பிழைத்துக்கொண்டார், விரல் ஒன்றுதான் போனது. அன்று தமையன் என்னிடம் சொன்னது இது:

"பாம்பைக் காட்டாட்டி டொக்டர் என்னண்டு தம்பி எங்கடை கதையை நம்புவார்?"

சாரை

வேலணையில் ஒரு அக்கா இருக்கிறா. தனியே இருக்கிறவ, பிள்ளைகள் எல்லாம் கனடாவில். வருடத்தில் இரண்டு தரமாவது அவவுக்குப் பாம்பு கடிக்கும். ஒவ்வொரு தரமும் அது சாரைதான். விஷமில்லாத சாரை, சில வேளை அது கடித்திருக்கக்கூட மாட்டாது, காலில் உரசிக்கொண்டு போயிருக்கும். அவ ஏற்கனவே வெளிக்கிட்டு, சீலை மாற்றி, கிளினிக் கொப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு படலையில் நிற்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றில் கை வைக்கப்போகிற நேரம் அவவின் அழைப்பு வந்தது. போனேன், வழமைபோலச் சாரை. எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததெல்லாம் சொல்லிப் பேசிவிட்டேன். இந்த நேரத்தில் உண்மையாகவே ஒருவருக்கு விஷப் புடையன் கடித்திருந்தால் யார் போவது, உங்களுக்கு மனச்சாட்சி இல்லையா என்று கேட்டேன். அவ அழவில்லை. கொப்பியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னா:

"தனிய இருக்கிறவளுக்குப் பயம் வந்தா ஆரைத் தம்பி கூப்பிடுறது? நீங்கள் பேசினாலும் வந்தனீங்கள்தானே."

வீட்டுக்கு வந்து இதை என் மனைவி யோகத்திடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து சாரைக் கதை எங்கள் வீட்டில் வாடிக்கையாகிவிட்டது. நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தால், "இண்டைக்கும் சாரையோ?" என்றுதான் அவள் சோறு போடுவாள்.

இறங்குதுறை

நெடுந்தீவில் கடிபட்டவரை அங்கேயுள்ளவர்கள் பார்த்து, படகில் ஏற்றி அனுப்புவார்கள். நாங்கள் குறிகாட்டுவான் இறங்குதுறையில் வண்டியோடு காத்து நிற்போம். அப்படி நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் காத்திருப்புத் தெரியும். எவ்வளவு வேகமாக ஓடக்கூடிய வண்டி இருந்தும், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர ஒன்றும் செய்ய ஏலாது.

ஒரு காலை, காற்றுக்காலம். படகு கரைக்கு வர முடியாமல் இரண்டு தரம் விலகிப் போய்த்தான் மூன்றாம் தரம் கட்டினார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், மாட்டுக்குப் புல்லுச் செதுக்கப் போனவர். கூட மனைவி மட்டும். நான் பறந்தேன். புங்குடுதீவு தாண்டி, வேலணை தாண்டி, பாலத்தில் ஏறும்போது பின்னால் தாதியின் குரல் நின்றுவிட்டது. கண்ணாடியில் அவவின் முகத்தைப் பார்த்தேன், விளங்கிவிட்டது. ஆனாலும் நான் வேகத்தைக் குறைக்கவில்லை. அந்த அம்மாதான் முன்பக்கமாகக் குனிந்து, என் தோளில் மெல்லத் தட்டினா:

"இனி ஆறுதலாப் போங்கோ தம்பி. அவருக்கு வாகனம் வேகமா ஓடினாப் பயம்."

யோகம்

இனித் தள்ளிப்போட ஏலாது.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு நாள். காலை வேலை முடிந்து பன்னிரண்டரைக்கு வீடு வந்தேன். அன்றைக்கும் ஒரு பொய்ப் பயணம், கடித்தது சாரை. கை கழுவிவிட்டு உட்கார்ந்ததிலிருந்து அதே புலம்பல்தான். யோகம் சோறு போட்டாள், மீன்குழம்பு விட்டாள், முருங்கையிலை வறை வைத்தாள். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். ஏன் என்று கேட்டேன். காவோலை இழுக்கேக்கை பனங்கருக்குக் கீறினது என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

சாப்பிட்டு முடிகிற நேரம் அவள் கேட்டாள், "சாரை கடிச்சா ஒண்டும் செய்யாதுதானே?" "ஒண்டும் செய்யாது. சனம் சும்மா எங்களை அலைக்கழிக்குது," என்றேன். என் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். நான் போய்ப் படுத்தேன்.

மூன்று மணிக்கு எழும்பினேன். குசினி வாசற்படியில் இருந்து முற்றத்தில் துப்பிக்கொண்டிருந்தாள். துப்பல் சிவப்பாக இருந்தது. "வெத்திலை போட்டனீரோ?" என்று கேட்டேன். இருபது வருடமாக, விஷம் ஏறிப் பல் முரசில் இரத்தம் கசிகிற எத்தனை பேரைப் பார்த்தவன், அதைப்போய்க் கேட்டேன். அவள் சீலையை விலக்கிக் காலைக் காட்டினாள். முழங்கால் வரை வீங்கியிருந்தது. புடையன். காவோலைக் குவியலுக்குள் கிடந்திருக்கிறது. அவள் கண்டது ஓடி மறைந்த வாலை மட்டும்தான். கிணற்றடி வேம்பில் இலை பறித்துச் சப்பிப் பார்த்திருக்கிறாள். நன்றாகக் கசந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் எனக்கு மீன் வெட்டிச் சமைத்திருக்கிறாள்.

பின்னேர வேலையில் இருந்த மற்றச் சாரதி வண்டியைக் கொண்டுவந்தான். என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பின்னால் இருந்து பாலம் கடந்தேன். அது இவ்வளவு நீளம் என்று முன்னால் இருந்தவரைக்கும் எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் வேப்பிலையை நம்பாதே என்று சொன்னவன், வீட்டில் அதை ஒரு நாளும் சொல்லவில்லை. வீட்டுக்கு நான் கொண்டுவந்ததெல்லாம் முறைப்பாடு மட்டும்தான். ஏனடி என்னை எழுப்பவில்லை, ஏனடி சொல்லவில்லை என்று அந்த வண்டிக்குள் அவளோடும் சண்டை பிடித்தேன், வெட்கம் கெட்டவன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இலை கசந்ததப்பா. சாரையா இருந்தா நீங்கள் பேசுவியள் எண்டு இருந்திட்டன்."

யாழ்ப்பாணத்தில் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது. நாலாம் நாள் போய்விட்டாள்.

திரும்பவும் சாரை

முப்பத்தோராம் நாள் காரியம் முடித்து வேலைக்குப் போனேன். இரண்டு கிழமையில் வேலணை அக்காவின் அழைப்பு வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். ஓடினேன், புடையன் கடித்த வீட்டுக்கு ஓடுகிற அதே ஓட்டம். அவ படலையில் நின்றா, கையில் கொப்பி.

கணுக்காலைப் பார்த்தேன். சாரை கீறிய தடம்கூட இல்லை. பின்கதவைத் திறந்து, கையைப் பிடித்து ஏற்றி, பலகையில் இருத்தினேன். தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டொக்டர் பார்த்து முடியும்வரை வாசலில் நின்று, திரும்பவும் நானே வீட்டில் இறக்கினேன். வழி முழுக்க அவ கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தா. செய்தி அவவுக்குத் தெரியும், தீவில் யாருக்குத் தெரியாது? படலையில் இறங்கின பிறகுதான் வாயைத் திறந்தா:

"இண்டைக்கு ஏன் தம்பி என்னைப் பேசேல்லை? ஒருக்காப் பேசிப்போட்டுப் போங்கோவன்."

இருபது வருடம் இந்த வண்டி ஓட்டி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: சாரை உரசினாலும் கூப்பிடுங்கள், வாயை மூடிக்கொண்டு வருவேன்.