யோகநாதன் அண்ணா எடுக்க மறுத்த நிலைப்படி

கோட்-டெ-நெய்ஜ் சாலையில் ஓடும் பேருந்தில் நின்றபடி யோகநாதன் அண்ணாவுக்குக் கோபமாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன்: "அண்ணா, இன்னிக்குள்ள அந்தப் படியை எடுக்கலைன்னா நானே எடுத்துடுவேன்." சற்று நேரத்தில் அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவருடைய மகள். "அக்கா, அப்பா விடியக் காலமை மோசம் போயிட்டார். ஹார்ட் அட்டாக்." சண்டை போடத் தயாராக இருந்த வாயால் அவர் இறந்த விவரத்தைக் கேட்டுக்கொண்டேன். இறங்க வேண்டிய நிறுத்தமும் போய்விட்டது.

யோகநாதன் அண்ணாவோடு வேலை செய்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும். சீனாவின் பழைய மரக் கோயில் ஒன்றை, மெய்நிகர் (விஆர்) கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே நடந்து பார்க்கும்படி, ஓர் அருங்காட்சியகத்துக்காக உருவாக்கிக்கொண்டிருந்தோம். கணினியில் கட்டுவது அவர், நேரத்துக்கு முடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. இந்த இரண்டும் ஒரு நாளாவது ஒத்துப்போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தக் கோயிலின் கூரையைத் தாங்கும் கட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கியிருப்பார்கள். வெளியே தெரிவதை வரைந்தால் போதும். அண்ணா உள்ளே மறைந்திருக்கும் முளைகளையும் ஒவ்வொன்றாகச் செய்தார். கணினி பாரம் தாங்காமல், கண்ணாடிக்குள் படம் உறைந்து நின்றது. "உள்ளே இருக்கிறதை யாருண்ணா பார்க்கப்போறாங்க?" என்று கத்தினேன்.

"ஒருத்தரும் பாக்க மாட்டினம்தான். எண்டாலும் அது இல்லாட்டிக் கூரை எதிலை நிக்கிறது, தங்கச்சி?"

கணினிக்குள் கூரை சும்மாவே நிற்கும் என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை என்னால் புரியவைக்க முடியவில்லை.

பிறகு வந்தது நிலைப்படி. கோயில் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கண்ணாடிக்குள் தெரிந்தால் போதாது என்று, வில்லரே பகுதியில் இருக்கும் தன் வீட்டிலிருந்து ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து, சோதனை அறையில் அதே இடத்தில் குறுக்கே நிறுத்திவிட்டார். காப்பியோடு வந்த எல்லோரும் இடித்துக்கொண்டோம். கேட்டால் ஒரே பதில்: "காலைத் தூக்காமல் உள்ளுக்குப் போறவன் கோயில் பாக்கேல்லை, வீடியோ பாக்கிறான்."

அருங்காட்சியகத்தினர் வந்து பார்த்துவிட்டு, பார்வையாளர்கள் தடுமாறி விழுவார்கள், படி வேண்டாம் என்றார்கள். நியாயமான பேச்சு. அண்ணாவும் தலையாட்டினார். அதன்பிறகு நான் கேட்கும்போதெல்லாம் "ஓம், ஓம், பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போட்டார். திறப்பு நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

இறுதிச் சடங்குக்கு மறுநாள் நானே கணினியில் அந்தப் படியை அழித்தேன். பலகையையும் தூக்கிச் சுவரோரம் சாய்த்தேன். சரிபார்க்கக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடந்தேன். சிவப்புத் தூண்கள், அகலக் கூரை, தடையில்லாத வெறும் தரை. வாசலுக்கு வந்ததும் என் வலது கால் தானாக உயர்ந்து, ஒன்றுமில்லாத இடத்தைத் தாண்டி இறங்கியது. திரும்பிப் போய் மறுபடி நடந்தேன். மறுபடியும் உயர்ந்தது. அப்போதுதான் அழுதேன்.

அண்ணா, சொன்னபடி படியை எடுத்துவிட்டேன். இந்தக் காலை நான் என்ன செய்வது?