நனைந்தான்துறைப் பிள்ளையார்

பஸ் இப்போது பாலத்தில் ஒரே நிமிடத்தில் வாவியைக் கடந்துவிடுகிறது. ஆனாலும் யன்னலால் பாசி வாடை வந்ததும் எனக்குத் தம்பிராசா மாமாவின் நினைவு வந்துவிட்டது.

பாலம் இல்லாத நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளான நாங்கள், சைக்கிள்களோடும் ஆட்டுக்குட்டிகளோடும், ‘பாதை’ என்று சொல்லும் தட்டையான தோணியில்தான் நனைந்தான்துறையில் ஏறி அக்கரைக்குப் போவோம். பாதையை ஓட்டிய மாமா, எங்கள் துறைக்குப் பெயர் வரும்படி அங்கிருந்த கோயில் பிள்ளையார் நனைந்த கதையை ஆளுக்கேற்றபடி மாற்றிச் சொல்வார்: வயல்காரருக்கு, வயல் வட்டைக்குள் வெள்ளம் புகாமல் வரம்பில் குறுக்கே படுத்து நனைந்தவர்; மீன்காரருக்கு, சிக்கிய வலையை எடுக்கக் குதித்தவர்; ஏறாவூர்ப் புடவை யாவாரிக்கோ, நனைந்து நடுங்கிய பிள்ளையாருக்கு உடுக்கச் சாரன் கொடுத்ததே அந்த யாவாரியின் பாட்டனார்தான்.

சோதனையில் துறைக்குப் பெயர் வந்த கதையை எழுதச் சொன்ன டீச்சர், மாமா சொன்னதில் ஆளுக்கொரு கதை எழுதிய எங்கள் எல்லோருக்கும் முட்டை போட்டார். பிறகு அழுதுகொண்டிருந்த எங்களையும் கூட்டிக்கொண்டு பாதையில் ஏறி, நடுவாவியில் மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

“உண்மையாப் பிள்ளையார் எப்பிடி நனைஞ்சவர்?”

“இந்தப் பாதையில வந்தவர் டீச்சர்,” என்றார் மாமா. “அடிப்பலகை ஓட்டை.”

டீச்சர் குனிந்து பார்த்தார். சேலை கரண்டைக்கால்வரை நனைந்திருந்தது.

அடுத்த நாள் எங்கள் ஒவ்வொருவருடைய முட்டைக்கும் முன்னால் ஒரு ஒன்றைப் போட்டுப் பத்தாக்கித் தந்தார்.