திறக்க மறுத்த மடிக்கணினியும் நான் எண்ணாத நிமிடங்களும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெங்களூரில் அல்சூரிலிருந்து வைட்ஃபீல்ட் பக்கம் போகும் மெட்ரோ ரயிலில் இது நடந்தது. எனக்கு வயது எழுபத்து மூன்று. ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். எதையும் எண்ணாமல் விட மாட்டேன். எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் வரை எத்தனை மின்கம்பங்கள் என்று கேட்டால்கூடச் சொல்வேன்.

என் மனைவிக்கு நான்கு ஆண்டுகளாக வலிப்பு நோய். கீழே விழுந்து துடிக்கும் வகை அல்ல. பேசிக்கொண்டிருக்கும்போதே பார்வை ஓரிடத்தில் நின்றுவிடும். வாய் எதையோ மெல்லுவது போல அசையும். விரல்கள் புடவை ஓரத்தைப் பிசையும். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பி வருவாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. அதனால் அதைக் குறித்து வைப்பது என் பொறுப்பாயிற்று. நாள், நேரம், எத்தனை விநாடி என்று மடிக்கணினியில் ஓர் அட்டவணை வைத்திருந்தேன். முடிந்தபோதெல்லாம் போனில் படமும் பிடித்து அதில் சேர்த்துவிடுவேன்.

அவள் சாப்பிட்ட இரண்டு மாத்திரைகளில் ஒன்று அவளைத் தள்ளாட வைத்தது. தனியாகக் கடைக்குப் போவது நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. மூன்று மாதக் கணக்கைக் கொண்டுவாருங்கள், மாதத்துக்கு மூன்றுக்குள் இருந்தால் அந்த மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் அட்டவணையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கியிருந்தது. அந்த மூன்று எண்களையும் அவள் பத்து நாட்களாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பதினொன்றரைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு அட்டவணையை அச்செடுக்கலாம் என்று மடிக்கணினியைத் திறந்தேன். அதில் விண்டோஸுக்குப் பதில் இருப்பது லினக்ஸ். மைத்துனர் மகன் போட்டுக் கொடுத்தது. பாஸ்வேர்டை அடித்தேன். திரை ஒரு கணம் கறுத்தது, பிறகு மறுபடியும் பாஸ்வேர்டையே கேட்டது. ஒன்பது முறை அடித்தேன். ஒன்பது முறையும் அதேதான். அவனுக்குப் போன் செய்தேன், அவன் எடுக்கவில்லை.

முதல் நாள் மாலை பூண்டு உரிக்க இடம் வேண்டும் என்று மடிக்கணினியை மூடி அலமாரியில் வைத்தது என் மனைவிதான். ஒழுங்காக அணைக்காமல் மூடியதால்தான் கெட்டது என்று அவளைக் கடிந்துகொண்டேன். மெட்ரோ படியேறும்போதும் அதையே சொன்னேன். ரயிலில் உட்கார்ந்த பிறகும் சொன்னேன். அவள் ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னாள்.

"பூண்டுக்குப் பயந்து நின்னு போற மெஷினா அது?"

நாங்கள் இறங்க வேண்டியது பதினோராவது நிலையம். இந்திராநகர் தாண்டியதும், கையோடு கொண்டுவந்த மடிக்கணினியை மடியில் வைத்து மறுபடி திறந்தேன். பத்தாவது முறை, பதினோராவது முறை. இன்று தவறினால் இந்த டாக்டரிடம் ஏழு வாரம் கழித்துத்தான் நேரம் கிடைக்கும்.

எதிரே கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒரு பெண் குனிந்து பார்த்தாள். முப்பது வயதிருக்கும், கழுத்தில் அலுவலக அட்டை. நான் பார்க்கட்டுமா என்று தமிழிலேயே கேட்டாள். என் வலப்பக்கம் இடம் காலியானதும் உட்கார்ந்து மடிக்கணினியை வாங்கிக்கொண்டாள். என் மனைவி இடப்பக்கம் இருந்தாள். நான் முழுவதுமாக வலப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பெண் மூன்று பொத்தான்களை ஒன்றாக அழுத்தினாள். படம் எதுவும் இல்லாத கறுப்புத் திரை வந்தது. அங்கே என்னைப் பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னாள். உள்ளே போய் ஏதோ ஒரு வரியை அடித்ததும் எண்கள் வரிசையாக வந்தன. ஓரிடத்தில் நூறு சதவீதம் என்றிருந்தது.

"டிஸ்க் ஃபுல் அங்கிள். உள்ள வந்தா உக்கார இடமில்ல, அதான் திரும்ப வாசலுக்கே அனுப்புது. அப்படி என்ன வெச்சிருக்கீங்க?"

வேறெதுவும் இல்லை. ஒவ்வொரு இரவும் அட்டவணையையும் படங்களையும் சேர்த்து, அன்றைய தேதியிட்டு, முழுதாக ஒரு பிரதி எடுத்து வைப்பேன். பழையதை அழித்ததில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பிரதிகள். அத்தனையும் அந்த ஒரே மடிக்கணினிக்குள். எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால் பெட்டி போனால் எல்லாம் போய்விடாதா என்று அந்தப் பெண் கேட்டாள். பூண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது மட்டும் புரிந்தது.

பழைய பிரதிகளை அழிக்க வேண்டும் என்றாள். எது கடைசிப் பிரதி, அது முழுதாக இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டேன். "ஸ்வல்ப பொறுங்க அங்கிள்" என்று கன்னடம் கலந்து சொல்லிப் பொறுமையாகத் திறந்து காட்டினாள். கே.ஆர்.புரத்தில் கூட்டம் ஏறி எங்கள் முழங்கால்களை நெருக்கியது. அவள் பத்துப் பத்தாக அழித்துக்கொண்டு வந்தாள். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்று ஐம்பத்திரண்டு, நூற்று நாற்பத்திரண்டு, நூற்று முப்பத்திரண்டு.

ஹூடி வரும்போது அணைத்துத் திரும்பப் போட்டாள். பாஸ்வேர்டு கேட்டது. என் பக்கம் நீட்டியவளின் பார்வை என் தோளுக்கு அப்பால் போயிற்று.

"அங்கிள், ஆன்ட்டி கூப்பிடறாங்களா? கை என்னவோ பண்ணுது."

திரும்பினேன். என் மனைவியின் கண்கள் எதிர்க் கண்ணாடியில் நின்றிருந்தன. வாய் மென்றுகொண்டிருந்தது. விரல்கள் புடவை ஓரத்தைப் பிசைந்துகொண்டிருந்தன. பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நாற்பத்தேழு. ஆனால் ஆரம்பித்தது எப்போது? எப்போதிலிருந்து இப்படி இருக்கிறாள் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவள் தயங்கினாள். தான் உட்கார்ந்தபோதும் ஒரு தடவை விரல்கள் இப்படித்தான் அசைந்தன, பிறகு நின்றது, அது அவர் பழக்கம் என்று நினைத்ததாகச் சொன்னாள்.

அப்படியானால் இரண்டு. அரை மணி நேரத்துக்குள் இரண்டு. என் கை அவள் கையைத் தொட்டுக்கொண்டிருந்தபோதே வந்து போயிருக்கிறது.

மனைவி திரும்பி வந்தாள். எந்த ஸ்டேஷன் என்று கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"வந்துச்சா?"

ஆமாம் என்றேன்.

"எழுதாதீங்க." மெதுவாகத்தான் சொன்னாள். "இந்த ஒண்ண மட்டும் எழுதாதீங்க. உங்கள நான் வேறெதுவும் கேக்கல."

பாஸ்வேர்டை அடித்தேன், மடிக்கணினி திறந்தது. அட்டவணை பளிச்சென்று வந்து நின்றது. மூன்று, இரண்டு, ஒன்று. காலையிலிருந்து அதைப் பார்க்கத்தான் தவித்தேன். இப்போது அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்தப் பெண் ஹூடியில் இறங்க வேண்டியவளாம். எங்களுக்காக மூன்று நிலையம் கூட வந்து, என் மனைவியைக் கைபிடித்து நகரும் படிக்கட்டில் இறக்கிவிட்டு, எதிர்ப் பக்கம் ரயில் ஏறப் போனாள். நான் பெயர்கூடக் கேட்கவில்லை.

டாக்டர் மடிக்கணினியிலேயே அட்டவணையைப் பார்த்துவிட்டு, நன்றாகக் குறைந்திருக்கிறதே என்றார். மாத்திரைச் சீட்டை எடுத்தார். என் மனைவி என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேனாவைத் திறக்கும்வரை நானும் பேசவில்லை. அந்தச் சில விநாடிகளை மறைக்காமல் சொல்கிறேன். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு வாய் தானாகத் திறந்தது. ரயிலில் நடந்ததைச் சொன்னேன். ஒன்றல்ல, இரண்டு என்றும், எத்தனை விநாடி என்று தெரியாது என்றும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"நீங்க பக்கத்துல இல்லாதப்ப யார் சார் எண்ணறாங்க?"

காலை நடை ஒன்றரை மணி நேரம். மதியத் தூக்கம் ஒரு மணி நேரம். மடிக்கணினி முன்னால் இரண்டு மணி நேரம். சமையலறையில் அவள் தனியாக இருப்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. யாரும் எண்ணவில்லை.

மாத்திரை குறையவில்லை. தலையில் கம்பிகள் ஒட்டி, கேமரா வைத்து மூன்று நாள் பார்க்க வேண்டும் என்று அன்றே மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று நாளில் ஏழு வந்தன. நாலு தூக்கத்தில். அன்று மாத்திரையைக் குறைத்திருந்தால் அடுப்பு முன்னால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருந்தையே மாற்றினார்கள். புது மருந்தில் தள்ளாட்டம் குறைய நான்கு மாதம் ஆயிற்று. மருத்துவமனையில் சேர்ந்த அன்று மாலை முதல் இரண்டு நாள் என் மனைவி என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், கேமராவை நோக்கி முகம் திருப்பி, இதாவது தூங்காமப் பாக்குது என்றாள்.

அட்டவணையை இன்னமும் எழுதுகிறேன். பிரதி ஒன்றே ஒன்று, அதுவும் வேறொரு பெட்டியில். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும், அன்று எத்தனை மணி நேரம் நான் அவளைப் பார்த்திருந்தேன் என்று இன்னொரு எண்ணும் எழுதுகிறேன். அது எப்போதும் சின்ன எண்தான். நான் குறித்து வைத்தது என் மனைவியின் நோயை அல்ல, நான் திரும்பிப் பார்த்த நேரங்களை மட்டுமே என்பது எழுபத்து மூன்று வயதில்தான் எனக்கு உறைத்தது.