சூப்பரண்டு உயரத்துக்கு ஒரு மேடை

எங்கள் வீட்டுச் சமையல் மேடை மேல் ஒரு பலகை கிடக்கிறது. ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம். சென்ட்ரிங் பலகையில் அறுத்து, அடியில் இரண்டு கட்டை வைத்து அடித்தது. கட்டையோடு சேர்த்து ஐந்து அங்குல உயரம். ஓரத்தை நான்தான் இழைத்தேன். ஒரு மூலையில் கஞ்சி ஊறி வெள்ளையாக ஒரு கறை. என் வீட்டுக்காரி எத்தனை தேய்த்தும் போகவில்லை. அதன் மேல் வைத்துத்தான் அவள் காய் நறுக்குகிறாள். அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேங்கிக்கால் சூப்பரண்டு ஞாபகம் வருகிறார். அன்பால் வருகிற ஞாபகம் இல்லை.

நான் கொத்தனார். ஐந்தாவதோடு நின்றவன். எழுதுவதெல்லாம் எனக்குப் பழக்கம் இல்லாத வேலை. இதை ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

சூப்பரண்டு ஏதோ ஒரு ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். ஆறடி ஆள். நாற்பது பேரை அதட்டிக்கொண்டிருந்தவருக்கு, வீட்டுக்கு வந்ததும் அதட்ட ஒரு ஆள்தான் மிச்சம், அவர் சம்சாரம். அந்த வீட்டில் அவர் கை வைக்காத இடம் ஒன்று இருந்தது. சமையலறை. முப்பது வருஷத்தில் அதற்குள் போய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்திருப்பாரா என்பது சந்தேகம். அதில் கை வைத்தார். இரண்டு தெரு தள்ளி அவர் சிநேகிதர் ஒருவர் புதுசாகச் சமையலறை கட்டி, கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அது போதாதா?

என்னைக் கூப்பிட்டபோது மேசை மேல் ஒரு பைல் இருந்தது. சிவப்பு டேக் கட்டி, மேலே ‘சமையலறை’ என்று எழுதி, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருந்தார். கட்டம் போட்ட தாளில் வரைபடம். டைல்ஸ் படம், சிம்னி படம், யார் வீட்டு அலமாரியோ ஒன்றின் படம். ஒவ்வொரு தாளிலும் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். நான் கையெழுத்துப் போட்ட ஒரே சமையலறை அதுதான்.

அவருடைய சம்சாரத்தை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். செங்கம் பக்கம் விவசாயக் குடும்பம். நாலடி எட்டு அங்குலம் இருப்பார். அவருடைய பழைய சமையலறை அழகு இல்லை. கடப்பாக்கல் கறுத்துக் கிடந்தது, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. ஆனால் அடுப்பை ஒட்டித் தொட்டி. கை நீட்டினால் உப்பு, திரும்பினால் தண்ணீர். கரண்டு போனாலும் அம்மா கை நிற்காது. அந்தச் சமையலறைக்கு வேண்டியது ஒரு நல்ல கல்லும் ஒரு வெள்ளையடிப்பும். சூப்பரண்டுக்கு அது பத்தவில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மேடை கட்டுவதற்கு முன்னால் சமைக்கிற ஆளை நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லுவோம். தரையிலிருந்து முழங்கை வரைக்கும் நூல் பிடித்து, அங்கிருந்து ஆறு விரல் இறக்கி முடிச்சுப் போடுவோம். அந்த முடிச்சுதான் மேடை. எந்தத் தாளும் வேண்டாம். நூலை எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். சூப்பரண்டு குறுக்கே வந்து நின்றார்.

“அவளுக்கு இன்னாய்யா தெரியும்? என்னைப் புடி.”

நின்றார். போலீஸ் செலக்‌ஷனுக்கு நிற்கிற மாதிரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கையை மடக்கிக்கொண்டு. வாழ்நாளில் ஒரு தோசை திருப்பாத கை. நூலைப் பிடித்தேன். முப்பத்தெட்டு அங்குலம். சமைக்கிறது அம்மாதானே சார் என்று ஒரு வார்த்தை சொன்னேன். மேடை உசரமா இருந்தாத்தான் ஒரு கெத்து, வர்றவன் குனிஞ்சா பார்ப்பான் என்றார். பைலைத் திறந்து முப்பத்தெட்டு என்று எழுதிக் கீழே கோடு போட்டார். அம்மா வாசற்படியில் காபி டம்ளரோடு நின்றிருந்தார். என் கையில் இருந்த முடிச்சைப் பார்த்தார். அது தன் மார்பு வரைக்கும் வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் பேசவில்லை. அவர் பேசாததற்கு முப்பது வருஷத்துக் காரணம் இருந்தது. எனக்கு என்ன காரணம்? வீட்டுக்காரர் சொன்னால் கட்டிவிட்டுப் போவது சுலபம், அதுதான்.

மிச்சத்தையும் கேளுங்கள். அடுப்பு கிழக்குச் சுவரில். தொட்டி எதிர்ச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே, அடுப்பிலிருந்து ஏழெட்டு அடி எடுத்து வைக்க வேண்டும். ஏன் என்றால் அந்த ஜன்னலில் மலை தெரியும். மலை தெரிகிற இடத்தில் பளபளவென்று ஸ்டீல் தொட்டி இருக்க வேண்டுமாம். தரைக்குச் சொரசொரப்பு டைல்ஸ் போடலாம் என்றேன். முகம் தெரிகிற டைல்ஸ்தான் வேண்டும் என்றார். அவர் முகத்தை அவர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதற்கு மேல் ஒன்று. அவர் குக்கர் சோறு தின்ன மாட்டார். உடம்புக்கு ஆகாதாம். பானையில் வேகவைத்து, கஞ்சி வடித்த சோறுதான் வேண்டும். அடுப்பிலிருந்து கொதிக்கிற பானையை இறக்கி, அந்தக் கண்ணாடித் தரையில் தூக்கிக்கொண்டு நடந்து, மார்பு உயரத் தொட்டியில் கவிழ்க்க வேண்டும். பைலில் எல்லாமே இருந்தது. இது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

வேலை முடிந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த சொந்தக்காரர்களை எல்லாம் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். “இங்க வந்து நில்லுங்க, மலை தெரியுதா?” என்பார். தெரிந்தது. அம்மா நின்றால் ஜன்னலில் வெறும் வானம்தான் தெரியும். இதை யாரும் கவனிக்கவில்லை. நான் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா பின்பக்கமாக வந்தார்.

“மேஸ்திரி, பலகை துண்டு ஏதாவது கெடந்தா குடுத்துட்டுப் போங்க. ஏறி நின்னுக்குறேன். அவருக்குத் தெரிய வேணாம்.”

ஒரு மணி நேரம் உட்கார்ந்து அறுத்து, கட்டை அடித்து, ஓரம் இழைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு நான் ஏதோ பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டிய வாய் சொல்லாமல் விட்டதைப் பலகையால் அடைத்தேன் என்று இப்போது தெரிகிறது.

இரண்டு மாசம் ஓடியிருக்கும். காலையில் போன் வந்தது. “யோவ், நீ குடுத்த பலகையால என் சம்சாரம் உழுந்துட்டாய்யா.” ஆஸ்பத்திரிக்குப் போனேன். வடிக்கும்போது பலகையிலிருந்து இறங்கிய கால் வழுக்கிவிட்டது. பானை கவிழ்ந்திருக்கிறது. வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டு, தொடையில் ஒரு கட்டு. சூப்பரண்டு வராந்தாவில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பலகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு அங்குலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னைப் பார்த்ததும் அம்மா, “பலகை மேல தப்பு இல்ல மேஸ்திரி” என்றார். தப்பு யார் மேல் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும். விரல் மடங்குமா, மறுபடி கரண்டி பிடிக்க முடியுமா என்று டாக்டருக்கே அப்போது தெரியாது. அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அவர் படுத்திருந்த ஒரு மாசமும் சூப்பரண்டு கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டார். மெஸ்ஸில் என்ன, பானையில் வடித்தா போடுகிறார்கள்? ஆவியில் வெந்த சோறு. நானே ஒரு நாள் பார்த்தேன். இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குத்தான் அந்த ஆள் மேல் எனக்கு இருந்த கடைசி மரியாதையும் போனது.

விரல் மடங்கியது. முழுசாக இல்லை, கரண்டி பிடிக்கிற அளவுக்கு. அதன் பிறகு போன் வந்தது, இந்த முறை அம்மாவே பேசினார். போனேன். பின்பக்கம் ஓடு போட்ட தாழ்வாரம் ஒன்று உண்டு. அங்கே நின்று, நான் கேட்பதற்கு முன்னாலேயே கையை மடக்கிக் காட்டினார். தழும்பு பளபளவென்று இருந்தது. நூல் பிடித்தேன். இருபத்தொன்பதரை. சூப்பரண்டு உள்ளேயிருந்து வந்து, இது பைலில் இல்லாத வேலை, இவ்வளவு செலவு பண்ணிக் கட்டினது எதுக்கு என்று ஆரம்பித்தார். அம்மா கையை இறக்கவில்லை. நூல் அசைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

“சோறு இனிமே இங்கதான் வேகும். வேணும்னா இங்க வந்து உக்காந்து சாப்புடுங்க. வேணாம்னா மெஸ் இருக்குது.”

சூப்பரண்டு என்னைப் பார்த்தார். நான் முடிச்சுப் போட்டேன். உள்ளே போய்விட்டார். அடுப்பை ஒட்டித் தொட்டி வைத்தேன், தரைக்குச் சொரசொரப்புக் கல் பதித்தேன். மூன்று நாள் வேலை. முடித்துவிட்டுப் பார்த்தால், அந்தப் பக்கம் சுவரே இல்லாததால் அம்மா நின்ற இடத்திலிருந்து மலை அடிவாரத்திலிருந்து உச்சிவரை தெரிகிறது. நான் யோசித்துச் செய்தது இல்லை. முன்னால் இருக்கிற சமையலறை இன்றைக்கும் பளபளவென்றுதான் இருக்கிறது. வருகிறவர்களை இன்னும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறாராம். ஒரு கடுகு வெடிக்காத சமையலறை. பார்க்கிறவர்களும் நல்லா இருக்குதுன்னு சொல்லிவிட்டு, பின்பக்கம் வந்து சாப்பிடுகிறார்கள்.

கிளம்பும்போது அம்மா பலகையைக் கழுவிக் கொடுத்தார். இது உங்களுது என்றார். கொண்டுவந்து வீட்டு மூலையில் போட்டேன். என் வீட்டுக்காரி அதை எடுத்து மேடை மேல் வைத்து, அதன் மேல் காய் நறுக்க ஆரம்பித்தாள். எதற்கு என்று கேட்டேன். அவள் என்னைவிட நாலு விரல் உயரம். எங்கள் மேடை, குடி வருவதற்கு முந்தின நாள், வேறு இடத்தில் மிச்சமான கல்லை வைத்து, செங்கல் எத்தனை வரி இருந்ததோ அத்தனை வரியில் நான் கட்டியது. பதினாலு வருஷமாக அதில் குனிந்து நிற்கிறாள். ராத்திரி இடுப்பில் தைலம் தேய்த்துக்கொள்வாள், நான் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

“ஊர்ல இருக்கிற பொம்பளைக்கெல்லாம் நூல் புடிக்கிறியே, எனக்கு எப்ப புடிச்ச?”

சூப்பரண்டாவது தன்னை அளக்கச் சொன்னார். நான் யாரையும் அளக்கவில்லை. நூலை எடுத்துக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை இடித்துக் கட்டிவிடலாம், கையை மடக்கு என்றேன். எந்த ஞாயித்துக்கெழமை என்று கேட்டாள். கை மடங்கவில்லை. பலகை மேல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது.