கண்ணாடிக்காரருக்கு மனப்பாடமான பலகை

எங்கள் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடி போடாமலே ஐம்பத்தெட்டு வயது வரை ஓட்டினார். அவருக்குக் கழுகு என்று பட்டப்பேர். வைத்தது அடியேன்தான். ஒட்டியிருக்கும் சாவிக் கடை என்னுடையது; அங்கே சாவியை விட என் வாய்க்குத்தான் ஓட்டம் அதிகம்.

தினமும் கடை திறந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் மளமளவென்று வாசிப்பார்.

"பாத்தியா, ஒரு எழுத்து தப்பல."

எப்படித் தப்பும்? இருபத்திரண்டு வருடமாக அதே பலகை. கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்வார்.

சர்க்கரை வந்த பிறகு பிரேமுக்கு ஸ்க்ரூ போடும் வேலையை மகளிடம் தள்ளிவிட்டார். கை நடுங்குகிறதாம். டீ கிளாஸைப் பிடிக்கும்போது நடுங்கவில்லையே என்று அவளுக்குச் சந்தேகம். ஒருநாள் பழைய பலகையைக் கழற்றிவிட்டு, எண்கள் போட்ட புதுசு ஒன்றை மாட்டினாள். மனிதர் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டார்.

"அச்சு சரியில்லம்மா. மை பரவியிருக்கு. திருப்பி அனுப்பு."

"இப்ப வந்த கஸ்டமர் அடிவரைக்கும் படிச்சாரேப்பா."

"குத்துமதிப்பா அடிச்சு விட்டிருப்பாரு."

"ஒரு தடவை கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்."

"ஊருக்கே கண்ணு பாத்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

அவள் என்னிடம் வந்தாள். "மாமா, நீங்க சொன்னா கேப்பாரு. சர்க்கரை கண்ணைத் தின்னுதோன்னு பயமா இருக்கு."

போனேன். முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். "நீயே படிச்சுச் சொல்லுடா" என்றார். எனக்கு எல்லா வரியும் பளிச்சென்று தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"எனக்கும் கலங்கலாத்தான் இருக்குண்ணே. பலகைக்குத்தான் கண்ணாடி போடணும்."

விழுந்து விழுந்து சிரித்தார். அன்றே பழைய பலகை சுவரேறியது. மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை எழுத எனக்குப் படிப்பு போதாது.

பதினோரு மாதம் கழித்து, தன் கடைக் கதவிலேயே மோதி நெற்றியை உடைத்துக்கொண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சு நாளாச்சு. போன வருஷமே வந்திருந்தா நிறுத்தியிருக்கலாம். இனிமே மிச்சத்தைக் காப்பாத்தப் பாப்போம்."

மகள் அழவில்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் என் தோளைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"வெளிச்சமே இல்லையேடா. மழை வருமோ?"

உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"மேகமா இருக்குண்ணே" என்றேன்.